பத்தாம் வகுப்பில் விவாதம்: எல்லாப் பிள்ளைகளும் பேச வேண்டும், பேச்சில் ஆழமும் வேண்டும். என்ன விதிகள் வைக்கிறீர்கள்?

கல்குளம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள். கடற்கரை ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், விடியுமுன் அப்பாவோடு போய் ரப்பர் பால் எடுத்துவிட்டு வருகிறவர்கள், வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், டவுனில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், எல்லாரும் ஒரே அறையில். கோயில், சர்ச், பள்ளிவாசல், அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் பதி என்று வீட்டுக்கு வீடு வேறு. நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஏறக்குறைய இப்படித்தான், அதனால் உங்களில் யாராவது இதைச் செய்து பார்த்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

19ஆம் நூற்றாண்டு சமூக, சமயச் சீர்திருத்தங்கள் பாடத்தில் வைகுண்ட சுவாமிகள் வருகிறார், இங்கே அய்யா என்று சொல்வோம். வேறு மாவட்டப் பிள்ளைக்கு அது ஒரு குறுவினா. நம் பிள்ளைக்கு அவர் வாழ்ந்த சாமித்தோப்பு பஸ்ஸில் போய்வரும் தூரம். ஒடுக்கப்பட்ட சாதிகளில் ஆண்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, கூலி இல்லாமல் ஊழியம் செய்ய வேண்டும் என்று இருந்தது இதே மண்ணில்தான். அந்தப் பாடத்தை அடிக்கோடு போட வைத்துவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கொடுமை எப்படி மாறியது, யாரால் மாறியது என்று பேச விட்டேன். கொஞ்ச நேரத்தில் "எல்லாம் மிஷன்காரங்க செய்தது" என்று ஒருவன், "அய்யா இல்லாமல் என்ன நடந்திருக்கும்" என்று இன்னொருவன், அப்புறம் உங்க ஆளு எங்க ஆளு என்று போய்விட்டது. பேசியது முழுக்க நாலைந்து பையன்கள். பெண் பிள்ளைகள் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்புறம் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் நல்ல ஒரு கேள்வி கேட்டான், அவன் பேச்சில் மலையாளம் கலந்ததைக் கேட்டு பின்னாலிருந்து சிரித்தார்கள், அவன் பாதியில் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் ஒரு வீட்டிலிருந்து தலைமையாசிரியருக்கு போன், "வரலாறு நடத்தச் சொன்னா சாதி பேசுதாவ" என்று.

எனக்கு வேண்டியது இதுதான். யாரும் காயப்படக் கூடாது என்று விதியை மென்மையாக வைத்தால் எல்லாரும் "அனைவரும் சமம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள், அதில் யோசனையே இல்லை. கொஞ்சம் அழுத்திக் கேட்டால் ஏற்கெனவே தயங்குகிற பிள்ளை இன்னும் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து நடக்க விதிகளை யார் எழுத வேண்டும், எத்தனை வேண்டும், மீறினால் என்ன செய்வீர்கள்? வகுப்பில் நிஜமாகச் செய்ததைச் சொல்லுங்கள்.

தக்கலை ஓய்வு ஹெச்.எம்.

டீச்சர், அந்த போனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் வகுப்பு.

விதியை நீங்கள் எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் போடாமல், "வகுப்பில் பேச நினைத்தும் பேசாமல் இருந்தது எப்போது, எதனால்" என்று எழுதச் சொல்லுங்கள். வாங்கி நீங்கள் மட்டும் வாசியுங்கள். "நான் பேசினால் சிரிப்பார்கள்", "நான் சொல்லி முடிக்குமுன் அவன் சொல்லிவிடுவான்", "டீச்சர் முதல் பெஞ்சைத்தான் பார்ப்பார்கள்", "தப்பாகச் சொன்னால் வருஷம் பூரா அதைச் சொல்லியே கேலி பண்ணுவார்கள்". எந்தப் பள்ளியில் கேட்டாலும் ஏறத்தாழ இவைதான் வரும். மறுநாள் அவற்றைப் பொதுவாக்கிக் கரும்பலகையில் எழுதி, "இது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் மக்களே" என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே விதியாக எழுதுங்கள். "பிறரை மதிப்போம்" என்று எழுத விடாதீர்கள், அது சுவரில் ஒட்டத்தான் உதவும். "ஒருத்தர் திக்கினாலும் அவருடைய வாக்கியத்தை நாம முடிச்சு வைக்கக் கூடாது" என்பது விதி. மீறினால் மீறினோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் எந்த வகுப்பிலும் விடாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை அவரே "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் மறுப்பு. தொடக்கத்தில் நேரம் இழுக்கும், பிள்ளைகளுக்கு எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் அடுத்தவனுடைய பேச்சைக் காதில் வாங்காமல் தன் முறைக்காகக் காத்திருக்கிற பழக்கம் இதில்தான் உடைகிறது. உங்கள் மிஷன், அய்யா தகராறில் முதல் பையன் இரண்டாமவன் சொன்னதை ஒரு தடவை நேர்மையாகத் திருப்பிச் சொல்லியிருந்தால் பாதி சூடு அங்கேயே இறங்கியிருக்கும்.

இன்னொன்று உங்களுக்கான விதி. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று வினாடிக்கு மேல் கொண்டுபோனபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, மெதுவாகப் படிப்பவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். வீட்டு மொழியிலிருந்து பாட மொழிக்கு மாற்றி யோசிக்கிற பிள்ளைக்கு அந்த மூன்று வினாடி எவ்வளவு பெரிய இடம் என்று நம் எல்லைப்பக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விளவங்கோடு கணக்கு

ஹெச்.எம். சார் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி இல்லை. பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு, ஒரு பீரியடு முக்கால் மணி நேரம். துண்டுத் தாள், கரும்பலகை, ஓட்டெடுப்பு என்று இரண்டு பீரியடு போனால் போர்ஷன் யார் முடிப்பது? சார்ட்டில் எழுதி ஒட்டிய விதியை ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை, பக்கத்தில் தொங்குகிற காலண்டரைத்தான் பார்க்கிறார்கள்.

நான் கணக்கு எடுப்பவன். எங்கள் பாடத்தில் என்ன விவாதம் என்று கேட்பார்கள், நிறைய இருக்கிறது, ஒரே கணக்குக்கு மூன்று வழி வந்தால் எது ஏன் சரி என்று பிள்ளைகள் மல்லுக்கட்டத்தான் வேண்டும். இரண்டே விதிதான் வைத்திருக்கிறேன். ஒருமுறை பேசியவர், வேறு மூன்று பேர் பேசும்வரை மறுபடி பேசக் கூடாது. யார் எதைச் சொன்னாலும், சரியோ தப்போ, "எப்படிச் சொல்கிறாய்" என்று கேட்கப்படும். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. தப்பான பதிலுக்கு மட்டும் காரணம் கேட்டால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும், சரியான பதிலுக்கும் அதே குரலில் கேட்டால் பிள்ளைக்குப் பயம் போய்விடும். முதல் மார்க் வாங்குகிற பெண்ணிடமும் கேட்கிறேன், அருமனைப் பக்கத்திலிருந்து ரப்பர் பால்வெட்டு முடித்துவிட்டு அரைத் தூக்கத்தில் வருகிற பையனிடமும் கேட்கிறேன். அவன் கண் சொக்குவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வதும் அவனை வெளியே தள்ளுவதுதான், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பேச்சைக் கேட்டுச் சிரிப்பது பற்றி. இது எனக்கு ரொம்ப முக்கியம். தண்ணீரை வெள்ளம் என்று சொல்கிற ஊர் நம்முடையது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி, அந்தப் பேச்சு நம் நாக்கில் இருக்கத்தான் செய்யும். கடற்கரைத் தமிழ் வேறு, தோவாளைத் தமிழ் வேறு, களியக்காவிளைத் தமிழ் வேறு. விவாதம் நடக்கும்போது யாருடைய மொழியையும் யாரும், ஆசிரியர் உட்பட, திருத்தக் கூடாது. இலக்கணம் தமிழ் அய்யா பீரியடில் பார்த்துக்கொள்ளலாம். சிரிப்பு வந்தால் நான் திட்டுவதில்லை, அந்த இடத்திலேயே நிறுத்தி, "அவன் கேட்ட கேள்வி என்ன, நீ சொல்லு" என்று சிரித்தவனிடம் கேட்கிறேன். பெரும்பாலும் அவனுக்குத் தெரியாது. கேள்வி மறுபடி கேட்டவனுக்கே போகும், இந்தத் தடவை எல்லாரும் கேட்பார்கள்.

இருக்கை பற்றியும் யோசியுங்கள். 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறது. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் கூட்டமாக இருந்தால் ஒருவன் பேசும்போது முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள், எதிர்த்துப் பேசுகிறவளுக்கு யாரும் இல்லை. எந்த விதியை எழுதினாலும் இதை மாற்றாவிட்டால் பிரயோஜனம் இல்லை.

தூத்தூர்க்காரி

டீச்சர், நான் ஆசிரியர் இல்லை, கல்லூரியில் படிக்கிறேன். பிள்ளை பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30. அப்போது நான் எட்டாம் வகுப்பு, எங்கள் ஊர்ப்பக்கமிருந்து உள்நாட்டுப் பள்ளி ஒன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். என் மாமா போன படகு திரும்பவில்லை. டிசம்பரில் குழித்துறை ஸ்டேஷனில் எங்கள் மக்கள் ரயிலை மறித்தார்கள். அடுத்த நாள் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, "உங்க ஆட்கள் ஏன் ரயிலை மறிச்சாவ, நீ சொல்லு" என்று கேட்டார்கள். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. கடற்கரைப் பிள்ளைக்கும் பேச வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் எட்டு மீனவ கிராமங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியவளாக நான் நின்றேன், பதிமூன்று வயதில், வீட்டில் அம்மா சாப்பிடாமல் கிடந்த நேரத்தில். அந்த வருஷம் முழுக்க நான் அந்த வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அதனால் என் விதி: யாரையும் அவர்கள் ஊருக்கோ மதத்துக்கோ சாதிக்கோ பிரதிநிதியாக எழுப்பக் கூடாது. அவர்களாக "எங்க வீட்டில் இப்படி" என்று சொன்னால் கேளுங்கள். நீங்களாகப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்புறம் என்னிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை. பாவம், விட்டுவிடு என்று. அதுவும் வலித்தது, இன்னும் சொன்னால் அதுதான் ரொம்ப நாள் வலித்தது. பிளஸ் ஒன்னில் வந்த டீச்சர் வேறு மாதிரி செய்தார்கள். கரும்பலகையில் கரையை வரைந்து, ஆழ்கடலுக்குப் பல நாள் தங்கல் போகிற படகு எவ்வளவு தூரத்தில் இருக்கும், புயல் எச்சரிக்கை கரைக்கு வந்தால் அது படகுக்கு எப்படிப் போய்ச் சேரும், யார் பொறுப்பு என்று வகுப்பு முழுக்கக் கேட்டார்கள். கேள்வி படகைப் பற்றியது, என்னைப் பற்றியது இல்லை. அதனால் நான் பேசினேன். திருவட்டார் பக்கத்துப் பெண் ஒருத்தி "எச்சரிக்கை கேட்டா போகாம இருந்திருக்கலாமே" என்றாள். கோபம் வந்தது. டீச்சர் என்னைத் தடுக்கவும் இல்லை, அவளை அதட்டவும் இல்லை, "அவள் சொன்னதுக்குப் பதில் சொல்லு, அவளுக்குச் சொல்லாதே" என்றார்கள். எச்சரிக்கை வந்தபோது படகுகள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்ததை விளக்கினேன். அவள் விடவில்லை, "அப்போ நடுக்கடல் படகுக்குச் செய்தி சொல்ல என்ன வழி வேணும், அரசாங்கம் என்ன செய்யணும், படகுக்காரங்க என்ன வாங்கி வைக்கணும்" என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் வயர்லெஸ் எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் நானும் ஒருத்தி என்று தோன்றியது.

நாகர்கோவில் வரலாறு

மேலே எழுதிய தங்கைக்கு என் அன்பு. டீச்சர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கடினமான கேள்வியை ஒரு பிள்ளையிடம் கேட்காமல் விடுவது மரியாதை ஆகாது. எல்லாரிடமும் கேட்க வேண்டும், ஆனால் ஆளைக் குறிவைக்காத கேள்வியாக இருக்க வேண்டும்.

நான் கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். உங்கள் வகுப்பில் கேள்வி "யாரால் மாறியது" என்று இருந்தது. அந்தக் கேள்வி தானாகவே பிள்ளைகளை அணியாகப் பிரித்துவிடும், பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த ஊர் இது, இரண்டு பக்கமும் ஒரு தீர்ப்பும் இல்லாமல் விவாதமே இல்லை என்று நினைக்கிறோம். கேள்வியை ஓர் ஆவணத்தின்மேல் வையுங்கள். 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் காலத்தில் வந்த பிரகடனம் நாடார் பெண்கள் மேலே துணி அணிய அனுமதி கொடுத்தது. கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை போடலாம், மீனவப் பெண்கள் கட்டுவதுபோல முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல மட்டும் அணியக் கூடாது என்றது. அந்த நிபந்தனையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: உரிமையைக் கொடுத்துவிட்டு இந்த ஒரு வரியை ஏன் விட்டுவைத்தார்கள்? அதில் யாரும் "எங்க ஆளு" என்று நிற்க முடியாது, எல்லாரும் யோசித்தாக வேண்டும். மிஷனரிகளின் மனுக்கள், சென்னை கவர்னர் ட்ரெவெலியனின் அழுத்தம், அடிவாங்கியும் துணியைக் கழற்றாத பெண்கள், அய்யாவின் பதிகளில் உருவான தன்மானம் எல்லாம் தானாக உள்ளே வரும். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் தள்ளியது என்பதுதான் சண்டை. அந்தச் சண்டை நல்லது.

"எப்படிச் சொல்கிறாய்" என்ற விதியோடு இன்னொன்றும் சேருங்கள். பிள்ளை எதை வைத்துச் சொல்கிறது என்று சொல்ல வேண்டும்: புத்தகமா, பாட்டி சொன்னதா, வாட்ஸ்அப்பில் வந்ததா. பாட்டி சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அது நல்ல சான்று, ஆனால் அது என்ன வகைச் சான்று என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் பேசாததற்கு, நேராகப் பொது விவாதத்தில் இறங்காமல் முதலில் தனியாக எழுத ஒரு நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேச இரண்டு நிமிடம், பிறகு பொதுவில். பிராங்க் லைமன் என்பவர் 1981-ல் எழுதிய முறை, இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பொதுவில் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் சொன்னதைச் சொல்ல வேண்டும், தன்னுடையதை இல்லை. கூச்சம் உள்ள பிள்ளையின் யோசனை இன்னொரு குரலில் வெளியே வந்து வகுப்பு தலையாட்டுவதை அவள் பார்ப்பாள், அடுத்த முறை அவளே சொல்வாள்.

விவாதத்துக்கு எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஒரு மனிதர் இன்னொருவரைவிடத் தாழ்ந்தவரா என்பது விவாதப் பொருள் இல்லை. யாராவது சாதிப் பெயரை வசையாகச் சொன்னால் அங்கே "எப்படிச் சொல்கிறாய்" கிடையாது, பேச்சு நின்றுவிடும், வகுப்புக்குப் பிறகு தனியாகப் பேச வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாதியைப் பேசாதிருந்தால் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்கள் பெரிய இடங்களிலும் இருக்கிறார்கள். இதே மேலாடைப் போராட்டம் இருந்த பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புக்குச் சுற்றறிக்கை விட்டது. நம் மாநிலப் பாடத்தில் வைகுண்டர் இருக்கிறார். இருக்கிறவரைப் பேசுங்கள்.

கல்குளம் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக தூத்தூர்த் தங்கைக்கு. உன் பதிலை இரண்டு மூன்று முறை படித்தேன்.

துண்டுத் தாளை வகுப்பாசிரியர் பீரியடில் வாங்கிவிடலாம், போர்ஷன் கெடாது. அகரவரிசை இருக்கைக்குத் தலைமையாசிரியரிடம் கேட்கப் போகிறேன். மூன்று பேர் விதி, திருப்பிச் சொல்லும் விதி, ஆளைக் குறிவைக்காதது, மொழியைத் திருத்தாதது, இந்த நான்கும் பிள்ளைகள் எழுதுவதில் எப்படியும் வரும் என்று நினைக்கிறேன், வராவிட்டால் நான் ஒரு குரலாகச் சேர்ப்பேன்.

இரண்டு விஷயம் இன்னும் இடிக்கிறது. ஒன்று அந்த போன். இன்னொன்று, பிள்ளைகள் 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அதை எடுக்கலாமா?

தக்கலை ஓய்வு ஹெச்.எம்.

போன் செய்தவரை வரச் சொல்லுங்கள் டீச்சர். சமாதானம் சொல்ல இல்லை, கேள்வித் தாளைக் காட்ட. என்ன கேட்கப்போகிறோம் என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பிள்ளை வீட்டுக்கு வந்து "இன்னைக்கு சாதிச் சண்டை நடந்துச்சு" என்று சொன்னால் அவர் பயப்படத்தான் செய்வார், அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான். விவாதத்துக்கு முந்தின நாள் கேள்வியை நோட்டில் எழுதி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். "உங்க பாட்டி காலத்தில் உடுப்பு எப்படி இருந்தது, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம்" என்று. கேட்கப்பட்டவர் புகார் சொல்ல மாட்டார்.

மண்டைக்காடு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. கேட்கிற பிள்ளையிடம் "அதைப் பேசலாம், அதுக்கு முன்னாடி நாம பேசப் பழகணும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள், காது கேட்காத மாதிரி இருக்காதீர்கள். முதலில் எல்லாருக்கும் கருத்து இருக்கிற, யாருக்கும் காயம் இல்லாத ஒன்றை எடுங்கள், பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரலாமா என்பதுகூடப் போதும். பிறகு நான்குவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் போட்டது. அதில் நிலம் போனவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், சாலை வேண்டும் என்கிற பிள்ளையும் இருக்கும், கொஞ்சம் சூடு வரும், விதிகள் தாங்குமா என்று தெரியும். அதன்பிறகு 1859. 1982-ஐ பிளஸ் டூவில், ஆட்கள் இறந்த ஒன்று என்ற நினைப்போடு, ஆவணத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் எடுக்கட்டும்.

விளவங்கோடு கணக்கு

1982 விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நாம் தள்ளிப்போட்டால் தேர்தல் நேரத்தில் வேறு யாரோ அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் வரிசை சரி, கைபேசி முதலில்.

ஒரு சின்ன விஷயம் டீச்சர். விவாதம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிட்டு, "வரும்போது என்ன நினைத்தாய், இப்போது என்ன நினைக்கிறாய், யார் சொன்னதால்" என்று நோட்டில் எழுத வையுங்கள். மாறவில்லை என்றால் மாறவில்லை என்று எழுதலாம், ஆனால் தனக்கு எதிராக வந்ததில் வலுவானது எது என்று எழுத வேண்டும். பேசாத பிள்ளைகள் என்ன யோசித்தார்கள் என்று அதில்தான் தெரியும், அடுத்த பீரியடை அவர்கள் எழுதியதிலிருந்து ஆரம்பிக்கலாம். பெயர் சொல்லி வாசிக்குமுன் அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வரலாறு

டீச்சர், 1859 பிரகடனத்தின் அந்தப் பகுதியைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதித் தருகிறேன், தனிச்செய்தியில் கேளுங்கள். நாற்பது பிரதி எடுக்க வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று போதும், ஒரே தாளைப் பார்க்க வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசித்தான் ஆக வேண்டும். தாளின் கீழ்ப்பாதியைக் காலியாக விடுகிறேன், பிள்ளைகள் தங்கள் கேள்விகளை அங்கே எழுதட்டும்.